கரிசலில் நிற்கிற கூடாரம்

கூடாரம் வேண்டும் என்று கடைக்குப் போனால் முதலில் எடையைத்தான் சொல்வார்கள். மூன்று கிலோ, இரண்டு கிலோ, அதற்கும் கீழே இறங்கினால் விலை விர்ரென்று ஏறும். அது மலையேறுகிறவர்களின் கணக்கு. முதுகில் சுமக்கிறவருக்கு நூறு கிராமும் வலிக்கும். நமக்குச் சுமப்பது வண்டி. ஒரு கிலோ கூடினால் புல்லட்டுக்குத் தெரியவே தெரியாது. கட்டு ஒரு சாண் நீண்டால் சங்கரன்கோவில் ரோட்டில் எதிரே வருகிற பஸ்ஸுக்குத் தெரியும்.

அதனால் பைக்கில் வெகுதூரம் போய்த் தங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, கடைக்கு இஞ்சு டேப் கொண்டு போங்கள் என்பதுதான். மடித்த கூடாரத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது துணி இல்லை, கம்பு. துணியை எப்படி வேண்டுமானாலும் சுருட்டலாம். கம்பின் ஒரு துண்டு எவ்வளவு நீளமோ, அதற்குக் குறைவாகக் கட்டு வராது. கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை 60 செ.மீ. வாக்கில் இருக்கும். பின்சீட்டில் குறுக்கே போட்டுக் கட்டினால் இரண்டு பக்கமும் துருத்தும். 40, 45 செ.மீ. துண்டுகளாக மடங்குகிற கம்பு கிடைத்தால் சேடில் பேக்கிற்குள்ளேயே அடங்கிவிடும். கிடைக்காவிட்டால் கம்பை மட்டும் தனியாகப் பிரித்து, கேரியரோடு நீளவாக்கில் கட்டிவிட்டு, துணியைப் பைக்குள் திணிக்கலாம். எப்படிக் கட்டினாலும் சைலன்சர் பக்கம் துணி போகக்கூடாது. நைலான் உருகுவதற்கு நெருப்பு வேண்டியதில்லை, அந்தச் சூடே போதும்.

தூக்கிப் போட்டால் தானாக விரியும் கூடாரம் ஒன்று கடைகளில் ஆசை காட்டும். விரிப்பதற்குச் சுகம். மடித்தால் பெரிய வட்டத் தட்டு. காரில் போகிறவர்கள் வாங்கட்டும். பைக்கையும் உள்ளே நிறுத்திக்கொள்ளும் பெரிய கூடாரமும் இருக்கிறது. பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் தூங்க எனக்கு விருப்பமில்லை.

அடுத்தது முளை. இங்கேதான் எங்கள் ஊர் குருவிகுளம் நல்ல வாத்தியார். எங்கள் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் முளை அடித்தால் நிற்காது. வெடிப்புக்கு நடுவில் அடித்தால் கடையில் கொடுக்கும் கம்பி முளை வளைந்துபோகும். ஐப்பசியில் இரண்டு மழை விழுந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். குழைந்த மண்ணில் முளை சுலபமாக இறங்கும், அதைவிடச் சுலபமாக வெளியே வரும். ஆகவே முளையே இல்லாமல் கம்பின் வளைவிலேயே நிற்கிற, குடை மாதிரியான கூடாரம்தான் பைக் பயணத்துக்குச் சரி. இரண்டு கம்புகள் உச்சியில் குறுக்கே போகும். பெட்ரோல் பங்க் ஓரத்துச் சிமெண்டுத் தரையிலும், தாபாவின் பின்பக்கத்திலும் அதை நிறுத்தலாம். வடக்கே போகிறவர்களுக்கு இது முக்கியம். கோவில்பட்டியில் 44-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் அதே சாலை ஸ்ரீநகர் வரை போகிறது. வழியில் இருட்டிவிட்டால் கிடைக்கிற இடம் பெரும்பாலும் கட்டாந்தரைதான்.

தானாக நிற்கிறது என்பதற்காக முளையே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்றாலைகளைச் சோதிக்கிற மத்திய அரசின் நிலையமே பக்கத்தில் கயத்தாறில்தான் இருக்கிறது. ஆளில்லாத கூடாரத்தை அந்தக் காற்று ஓடைவரை உருட்டிக்கொண்டு போகும். கம்பி முளைகளை வீட்டில் வைத்துவிட்டு, மூன்று விளிம்புள்ள அலுமினிய முளைகளைத் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. முளை பிடிக்காத இடத்தில் கல்லைக் கட்டலாம், மண் நிரப்பிய சாக்கைக் கட்டலாம். வண்டியில் மட்டும் கட்டக் கூடாது. சைடு ஸ்டாண்டு மண்ணில் புதைந்து வண்டி சாய்ந்தால் கூடாரம் அதனடியில். ஸ்டாண்டுக்குக் கீழே வைக்க ஒரு தட்டைத் தகடு எப்போதும் என் பையில் இருக்கும்.

கம்பு அலுமினியமாக இருந்தால் நல்லது. ஃபைபர் கம்பு விலை குறைவு, உடைந்தால் சிலாம்பு கையில் ஏறும். எதுவானாலும் கம்புக்கு மேல் மாட்டுகிற அளவில் ஒரு விரல் நீள உலோகக் குழாயையும் கொஞ்சம் டேப்பையும் வைத்துக்கொண்டால், உடைந்த இடத்தில் மாட்டிச் சுற்றி ஊர் வந்து சேரலாம்.

துணி இரண்டடுக்காக இருக்க வேண்டும். உள்ளே வலை, வெளியே மழைத்துணி. ஒற்றையடுக்கில் படுத்தால் நம் மூச்சின் ஈரமே விடியற்காலையில் முகத்தில் சொட்டும். சித்திரை ராத்திரியில் மழைத்துணியை எடுத்துவிட்டு வலைக்குள் மட்டும் படுத்தால் காற்று தாராளமாக வரும். அதே முழு வலைக் கூடாரத்தோடு லடாக் போனால் குளிர்காற்றும் புழுதியும் உள்ளே வரும். இரண்டு பக்கமும் போகிறவர்கள் கீழ்ப்பாதி துணி, மேல்பாதி வலை என்று பார்த்து வாங்கலாம். மழைத்துணியில் 2000 மி.மீ., 3000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். அவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று அர்த்தம். மேல்துணியைவிட அடித்துணிக்கு அந்த எண் கூடுதலாக இருக்க வேண்டும். ஈரத்தரையில் முட்டி ஊன்றும்போது விழுகிற அழுத்தம் மழைத்துளியைவிடப் பல மடங்கு.

இருவர் படுக்கும் கூடாரம் என்று போட்டிருந்தால் ஒருவருக்கும் அவருடைய ஹெல்மெட், ஜாக்கெட், பைகளுக்கும் சரியாக இருக்கும். வாசலுக்கு வெளியே துணி நீண்டு சின்னத் திண்ணை மாதிரி இருந்தால் பூட்ஸை அங்கே வைக்கலாம். காலையில் உதறாமல் கால் நுழைக்கக் கூடாது, தேள் இருக்கும். ஜிப்பை முழுதாக மூடுவதும் கொசுவுக்காக மட்டும் இல்லை. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு, தரையில் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கடித்த இடம் வலிக்காமலும் போகலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே ஜிப் நைந்த கூடாரத்தோடு நான் எங்கும் கிளம்ப மாட்டேன்.

ஈரத்தோடு சுருட்டிய கூடாரத்தை அன்றைக்கே விரித்து உலர்த்த வேண்டும். மதியம் டீக்கடை நிழலில் நிற்கும்போது சைலன்சரில் படாமல் வண்டிமேல் போர்த்திவிட்டால் அரைமணியில் காய்ந்துவிடும். அப்படியே பரணில் போட்டால் பூஞ்சை பிடிக்கும், பிறகு உள்பூச்சு பிசுபிசுத்து உரியும். ஒட்டிப் பயனில்லை.

இடம் பிடிப்பதில் எனக்குப் பாடம் சொன்னவர் ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒரு கீதாரி. புஞ்சை ஓரத்தில் பள்ளமாக, காற்றுப் படாமல், சமதளமாக ஓர் இடம் பார்த்து நான் பையை இறக்கினேன். அவர் கம்பால் தரையைத் தட்டிக் காட்டினார்.

“தம்பி, இது தண்ணி போற தடம்லா. வண்டல் படிஞ்சிருக்கு பாருங்க. மேட்டுக்கு ஏறுங்க, காத்தடிச்சாலும் பரவால்ல.”

குனிந்து பார்த்தால் மெல்லிய வண்டல் ஏடு ஏடாகச் சுருண்டு கிடந்தது. சமதளமாகத் தெரிந்ததே அதனால்தான்.

புஞ்சைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் மறுப்பதில்லை, பல நேரம் மோட்டார் ரூம் திண்ணையிலேயே படுக்கச் சொல்வார்கள். மேற்கே மலைக்குப் போனால் அந்தச் சுதந்திரம் கிடையாது. களக்காடு முண்டந்துறை ஒரு பக்கம், 2021-இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை இன்னொரு பக்கம், இரண்டும் புலிகள் காப்பகங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கூடாரம் அடித்தால் வழக்கு வரும். அங்கே போகிற நாட்களில் கூடாரத்தைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு அடிவாரத்தில் லாட்ஜ் எடுத்துக்கொள்கிறேன்.