புதிய இசையாசிரியரின் முதல் வகுப்பு

ரெம்பியா வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டு வகுப்பைக் கற்பனை செய்து பாருங்கள். 25 மாணவர்கள், 25 ரெக்கோடர்கள். புதிய ஆசிரியை, “ஊதுங்கள்” என்கிறார். எழும் கீச்சொலியில் பக்கத்து வகுப்பில் கணிதம் நின்றுவிடுகிறது.

நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் 1983ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த புதிய கலைத்திட்டத்தில் இசைக் கல்வி இடம்பெற்றது. ஆசிரியர் கல்விக் கழகங்களில் இசையை முதன்மைப் பாடமாகப் பயில்வோர் இசைக் கோட்பாடு, இசைக்கருவி, கற்பித்தல் முறை ஆகியவற்றைக் கற்கின்றனர். பிறகு பயிற்றுப்பணிக்குச் செல்கின்றனர். அப்போது விரிவுரையாளர் பின்வரிசையில் அமர்ந்திருப்பார். அவரைக் கண்டதும் மாணவர்களும் அடங்கிவிடுவார்கள்! தனியாக நிற்கும் நாளில்தான் உண்மையான வகுப்பு கண்முன் தெரியும்.

நன்றாக வாசிக்கத் தெரிவது வேறு. வாசிக்கக் கற்பிப்பது வேறு. ரெக்கோடரில் இடக்கை மேலே இருக்க வேண்டும். ஆசிரியை மாணவர்களைப் பார்த்து நின்று வாசித்தால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் பலர் வலக்கையை மேலே வைத்துவிடுவார்கள். கீழ்ச் சுரங்களுக்கு மூச்சு மென்மையாக இருக்க வேண்டும். சிறுவர்களோ பலூன் ஊதுவதுபோல் ஊதுவார்கள். சிறு விரல்களால் துளைகளை முழுவதும் மூடுவதும் எளிதன்று. இவற்றைப் பயிற்சியில் சொல்லித்தரலாம். ஆயினும், 25 பேரின் விரல்களை ஒரே நேரத்தில் கவனிக்கும் பழக்கம் வகுப்பறையில்தான் வரும். எனவே, பயிற்றுப்பணிக் காலத்தை நீட்டிப்பதே நல்லது எனத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. கோயிலில் தேவாரம் பாடிப் பழகிய பிள்ளைக்குச் ‘ச ரி க ம’ தெரிந்திருக்கலாம். ‘டோ ரே மீ’ வரிசை சங்கராபரண இராகத்தின் சுரங்களோடு பொருந்துவதை ஆசிரியர் அறிந்திருந்தால், அப்பிள்ளையையே பாட வைத்துப் பாடத்தைத் தொடங்கலாம்.

சிறிய தோட்டப்பள்ளிகளின் நிலை இதைவிடக் கடினம். ஆசிரியர்கள் குறைவாக இருப்பதால், இசை பயிலாத ஒருவரிடமும் அப்பாடம் ஒப்படைக்கப்படலாம்.

நம் ஆசிரியை மறுவாரம் வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்றார். ரெக்கோடரைத் தோளுக்கு மேல் உயர்த்தி, இடக்கைப் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் வைத்துக் காட்டினார். “சூடான தேநீரை ஆற்றுவதுபோல் மெல்ல ஊதுங்கள்” என்றார். ஒரே ஒரு சுரம். இரண்டு மூன்று கீச்சொலிகளுக்கிடையே அது தெளிவாகக் கேட்டது.