நூலைத் தின்னும் காளான்

ஈரம் கண்ட நூற்சிப்பத்தில் பூஞ்சக்காளான் பிடித்தால் நூல் இற்றுப்போவதை நாம் அறிவோம். இரண்டாம் உலகப்போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் அவ்வாறே மக்கின. அவற்றில் கண்டெடுத்த காளானுக்கு, அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் பெயரால் 1977-இல் டிரைக்கோடெர்மா ரீசி எனப் பெயரிட்டனர்.

அது சுரக்கும் செல்லுலேஸ் நொதிகளே துணியை அரித்தவை. பருத்தியிலும் மரக்கூழிலும் பெரும்பங்கு செல்லுலோஸ்; அது குளுக்கோஸ் சர்க்கரை கோத்த நெடுஞ்சங்கிலி. ஒரு நொதி அச்சங்கிலியை நடுவில் வெட்டும். மற்றொன்று முனையிலிருந்து இரண்டிரண்டு கண்ணியாகக் கழற்றும். மூன்றாவது அவ்விரண்டையும் பிரித்துச் சர்க்கரையாக்கும். அச்சர்க்கரையை ஈஸ்ட் எரிசாராயமாக்கும்.

வேலையை எங்கே நிறுத்துவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. நடுவில் வெட்டும் நொதியை மட்டும் சிறிதளவு செலுத்தி, இளகிய கூழை இயந்திரத்தில் அரைத்தால், மில்லிமீட்டரில் 10,000-இல் ஒரு பங்கினும் மெல்லிய நுண்ணிழைகள் கிடைக்கும். தளர்ந்த பகுதி முன்னே கரைய, இறுகிய பகுதி எஞ்சும். ஆகவே ஒரே கூழில் இரு பண்டங்களும் பெறலாம்.

வைக்கோலையும் பருத்திமாரையும் அப்படியே தொட்டியில் இடுவது வீண். அவற்றின் லிக்னின் இழைகளை மூடி நொதியைத் தடுக்கும். கழிவைப் பொன்னாக்குவதாகச் சொல்லிச் சங்கத்திடம் பங்குத்தொகை கேட்போர், லிக்னினைத் தளர்த்தும் செலவையும் நொதியின் விலையையும் காட்டட்டும். பிரித்த லிக்னின் கொதிகலனுக்கு எரிபொருளாகும்; அவ்வரவையும் நாம் கணக்கில் சேர்க்கலாம்.