ஊர்ப்பெயர் தேடும் விதி

நீண்ட உரையினின்று ஊர்ப்பெயர்களைக் கணிப்பொறி பொறுக்கித் தரவேண்டின், அப்பெயர்களின் வடிவை ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்னும் விதியால் நாம் உணர்த்தல் வேண்டும். 1968இல் கென் தாம்ஸன் இதனை உரைதேடலுக்கு வழிப்படுத்தினார்.

காரியாபட்டி வட்டத்து முடுக்கன்குளத்தை எடுத்துக்கொள்வோம். ‘குளம்’ எனத் தேடின், ‘முடுக்கன்குளத்தில் மழையில்லை’ என்னும் செய்தி அகப்படாது. மகரங் கெட்டு அத்துச்சாரியை வந்ததன்றோ? வறட்சிக் கணக்கில் ஓரூர் விடுபட்டுப்போம். ஆதலின், ‘குள(ம்|த்)’ என எழுதுவோம்; இடைநின்ற கோடு ‘அல்லது’ எனப் பொருள்படும். ‘பட்டி’யோ உருபேற்பினுந் திரியாது, அதன்பின் உருபுக்கு இடம்விட்டாற் போதும்.

இவ்விதிகளையும், அகப்பட்ட பெயரை எழுவாயாக மீட்குஞ் செயலையும் ‘கிளாஸ்’ என்னும் ஓரமைப்பில் அடக்கிவைப்பின், எவ்வுரைக்கும் அது பயன்படும். புணர்ச்சியைக் கணிப்பொறி தானே அறியாது. இலக்கணங் கற்ற மாணவரே அதற்கு உணர்த்தவல்லார்.