கப்பற் செலவின் முன்னும் பின்னும்

செலவு என்னும் சொல் நம் மொழியில் இருபொருள் குறித்து வழங்குவது. ஓரிடத்தினின்று பிறிதோரிடத்திற்குச் செல்லுதல் ஒன்று. கைப்பொருள் கழிதல் மற்றொன்று. முன்னதை நன்கு எண்ணித் துணியாதார்க்குப் பின்னது பெருகும் என்பதனை இச்சொல்லே நமக்கு அறிவுறுத்துகின்றது போலும். பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகளாய் அமைந்தமையை நம் மாணவ நண்பர் அறிவர். பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், எதிர்ப்படும் வறியோனுக்கு வழியும், வழியிடை ஏதமும், தங்குமிடமும், உணவும் கூறி ஆற்றுப்படுத்துவது அவற்றின் இயல்பு. ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு: ஆங்கு வழி கூறுவான் அவ்வழியே சென்று மீண்டவன். செல்லாதவன் வழி கூறப் புகுந்தால் விளைவது யாது? அதற்கு யாமே சான்றாயினோம். அவ்வரலாற்றைக் கூறி, அதனாற் பெற்ற பாடங்களை முறைப்படுத்தித் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் பெரிய தந்தையார் குடும்பத்தினர் எழுவர் இத்தாலி நாட்டிற்குச் சென்று, ஆங்கிருந்து ஒன்பது இரவுகள் நிகழும் உல்லாசக் கப்பற் பயணம் ஒன்றினை மேற்கொள்ள எண்ணினர். பெரிய தந்தையாரும் பெரிய தாயாரும், எழுபத்தெட்டு வயதினரான பாட்டியாரும், மகளாரும் மருமகனாரும், எட்டு வயதும் மூன்று வயதும் உடைய பெயரர் இருவரும் அவ்வெழுவர். கப்பலுக்கு உரிய ஏற்பாடுகளைக் கப்பற்காரர் செய்துவிடுவர். கப்பல் ஏறுமுன்னும் இறங்கிய பின்னும் உள்ள நாட்களை வகுத்துத் தரும் பணி, தேர்வின் பொருட்டு வீட்டில் தங்கவேண்டியிருந்த எம்மிடம் வந்தது.

முதற்கண் இடவியல்பு அறிதல் வேண்டும். ‘ரோமிலிருந்து புறப்படும் கப்பல்’ என்று விளம்பரங்கள் கூறும். ஆயின் ரோம் நகரிற் கப்பற்றுறை இல்லை. கப்பல் நிற்பது சிவித்தாவெக்கியா என்னும் துறைமுகத்தில். அது ரோமுக்கு வடமேற்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திராயான் என்னும் பேரரசன் அமைத்த துறை அது. விமானம் இறங்கும் ஃபியுமிச்சீனோ ரோமுக்கு மேற்கே கடலோரத்தில் உள்ளது. ஆகவே விமானநிலையம், நகர், துறைமுகம் ஆகிய மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களாய் நிற்கின்றன. இம்முக்கோணத்தை ஒரு தாளில் வரைந்துகொள்ளாது திட்டமிடுவார் வழியிடை இடர்ப்படுவர்.

இனி நாட்கணக்கு. கப்பல் வெள்ளிக்கிழமை மாலை புறப்படுவதாக இருந்தது. அன்று காலை 8 மணிக்கு ரோமில் இறங்கும் விமானத்தில் முதற்கண் இடம் பார்த்திருந்தனர். ஓரிரவு விடுதி வாடகை மிஞ்சும் என்பது கருத்து. யாம் அதனை மறுத்துப் புதன்கிழமை பிற்பகலே சென்று சேருமாறு வகுத்தோம். என்னை? விமானம் தாழ்ப்பின் அடுத்த விமானம் உண்டு. கப்பல் தாழ்ப்போர்க்கு அடுத்த கப்பல் இல்லை. மேலும், கப்பல் புறப்படும் நேரம் வேறு, பயணிகளை ஏற்றுதல் முடியும் நேரம் வேறு. பின்னது முன்னதற்கு நெடுநேரம் முந்தியது. அதனைப் பயணச்சீட்டிலே பார்த்துக் குறித்துக்கொள்ளல் வேண்டும். நிகழ்ந்தது யாதெனின், இடைவழியில் மாறவேண்டிய விமானம் ஒன்பது மணி நேரம் தாழ்த்தது. குடும்பத்தினர் புதன்கிழமை நள்ளிரவிலேயே ரோம் சேர்ந்தனர். அத்தாழ்வு வெள்ளிக்கிழமை நேர்ந்திருப்பின் கப்பல் கடலில் நின்றிருக்கும். இவர்கள் கரையில் நின்றிருப்பர். ஏனையோர் சலித்துக்கொண்ட அவ்வேளையில், “பவுல் அப்போஸ்தலருக்கே மெலித்தாத் தீவிலே மூன்று மாதம் தாமதமாயிற்றே, நமக்கு ஒன்பது மணி நேரந்தானே” என்று பாட்டியார் கூறினாராம்.

விசாவைப் பற்றி ஒரு சொல். இந்தியக் கடவுச்சீட்டு உடையார் இத்தாலி புகுதற்குச் செங்கன் விசா வேண்டும். இக்கப்பலோ கிரேக்கத் தீவுகளுக்குச் சென்று, துருக்கி நாட்டுக் குசாதசித் துறையையும் தொட்டு, இத்தாலிக்கு மீள்வது. துருக்கி செங்கன் எல்லைக்குப் புறம்பானது. ஆதலின் ஒருமுறை மட்டும் புகுதற்கு உரிய விசா பெற்றவர் மீளவும் இத்தாலிக்குள் நுழைய இயலாது. பன்முறை நுழைவுக்கு உரியதே பெறல் வேண்டும். கப்பல் தொடும் துறைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எவ்வெல்லைக்கு உட்பட்டது என்று பார்த்த பின்னரே விண்ணப்பம் எழுதுக. தொடும் நாடு ஒவ்வொன்றின் விதியையும் தனித்தனியே வினவி அறிக.

அடுத்தது ஊர்தி. விமானநிலையத்தினின்று ரோமின் தலைமை நிலையமான தெர்மினிக்கு இடைநில்லா ரெயில் உண்டு. அது 32 நிமிடத்திற் செல்லும். நகருட் செல்லாது நேரே துறைமுகத்திற்குப் போக விரும்புவார், அவ்விடைநில்லா வண்டியை விடுத்துச் சாதாரண ரெயிலில் ஏறித் திராஸ்தேவெரே நிலையத்தில் இறங்கிச் சிவித்தாவெக்கியா வண்டிக்கு மாறலாம். தெர்மினியினின்று சிவித்தாவெக்கியாவிற்குச் சாதாரண ரெயிலில் ஒன்றேகால் மணி அளவாகும். அச்சிட்ட டிக்கட்டாயின் வண்டி ஏறுமுன் நிலையத்திலுள்ள பொறியில் முத்திரை குத்திக்கொள்ளல் வேண்டும். தவறினார்க்கு அபராதம் உண்டு. அந்நாட்டு ரெயில் ஊழியர் இடையிடையே வேலைநிறுத்தம் செய்வதும், அதனை முன்னரே அறிவிப்பதும் வழக்கம். அத்தகைய நாட்களிலும் வேலை நாளாயின் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் இன்றியமையா வண்டிகள் ஓடும் என்பது அறியத்தக்கது.

ஒருவர் இருவர்க்கு ரெயிலே சிக்கனம். எழுவர்க்கோ கணக்கு வேறு. ரெயிற்கட்டணம் தலைக்கு இவ்வளவு என்பது. வாடகை வேனின் கட்டணம் வண்டிக்கு இவ்வளவு என்பது. ஆட்தொகை மிகுந்தோறும் இரண்டும் நெருங்கும். மேலும், சிவித்தாவெக்கியா நிலையத்தில் இறங்கினால் துறைமுக வாயிலுக்கு நடந்து, அல்லது பஸ் ஏறி, வாயிலினின்று கப்பல் நிற்குமிடத்திற்கு வேறொரு பஸ்ஸிலும் செல்லல் வேண்டும். பெரிய கப்பல்கள் வாயிலுக்குச் சேய்மையிலேயே நிற்பன. ஒன்பது பெட்டிகளும், ஒரு சக்கர நாற்காலியும், மூன்று வயதுக் குழந்தையும் உடையார்க்கு இஃது எளிதன்று. ஆதலின் யாம் முன்னதாகவே ஒரு வேன் பேசினோம். ஆட்களை எண்ணி வண்டி பேசுவது பலர் செய்யும் பிழை; பெட்டிகளை எண்ணிப் பேசுக. குழந்தைக்கு உரிய இருக்கை உண்டா என்பதையும், சக்கர நாற்காலி மடித்து வைக்க இடமுண்டா என்பதையும் எழுத்து மூலம் உறுதி செய்துகொள்க.

இனிக் காட்சிகளைத் தெரிதல். இதன்கண்ணே வீட்டிற் கருத்து வேறுபாடு எழுந்தது. இளையோர் ஒரே நாளிற் பத்திடம் காணவேண்டும் என்றனர். யாம் கொண்ட முறை இது: ஒவ்வொருவரும் தாம் கண்டே தீரவேண்டிய ஓரிடத்தை மட்டும் கூறுக என்றோம். பாட்டியார் மதிற்புறத்துப் பவுல் பேராலயத்தைக் கூறினார். அப்போஸ்தலரின் அடக்கம் ஆங்குள்ளது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. எட்டு வயதுச் சிறுவன் கொலோசியம் என்றான். ஓவிய ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்ற பெரிய தந்தையார், வத்திக்கான் பொருட்காட்சிச்சாலையோடு சேர்ந்த சிஸ்தீன் சிற்றாலயத்தின் விதானத்தைக் கூறினார். மிக்கேல் ஆஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டிய அவ்வோவியங்களைப் படங்களாகக் காட்டி அவர் பல்லாண்டு பாடம் நடத்தியவர்.

கப்பலுக்கு முந்திய நாள் இளைப்பாறுதற்கு உரியது. கோடையில் இந்திய நேரம் ரோம் நேரத்திற்கு 3½ மணி முந்தியதாதலின், குழந்தைகளும் முதியோரும் மாலையிலேயே துயிலில் தளர்வர். ஆகவே வியாழன் முற்பகலை வேண்டுமென்றே வெறிதாக விட்டு, பிற்பகலிற் பாந்தியன் ஒன்றனையே குறித்தோம். ஹதிரியான் காலத்தில் எடுப்பிக்கப்பெற்ற அதன் குவிமாடம் 43 மீட்டருக்கு மேற்பட்ட குறுக்களவு உடையது. உட்புறம் சமதளமாதலாற் சக்கர நாற்காலிக்கும் ஏற்றது. எனினும் அந்நகரின் பழந்தெருக்களிற் பாவிய சிறு கருங்கற்களின்மேல் நாற்காலியை உருட்டுதல் கடினம் என்பதனைச் சென்றவரே எமக்கு உணர்த்தினர். தெருவோரக் குழாய்களில் இடையறாது ஓடும் நீர் குடித்தற்கு உரியதாதலிற் குப்பி ஒன்று கையிலிருப்பின் தாகத்திற்குக் காசில்லை.

கப்பல் ஏறும் வெள்ளியன்று பெரும் பெட்டிகளைத் துறையிலேயே வாங்கிக்கொள்வர். அவை அறைக்கு வந்து சேர மாலையாதலும் உண்டு. ஆதலின் மருந்து, கடவுச்சீட்டு, குழந்தைக்கு மாற்றுடை ஆகியன கைப்பையில் இருத்தல் வேண்டும். இறங்குதற்கு முந்திய இரவோ பெட்டிகளை அறைவாயிலில் வைத்துவிடச் சொல்வர். அவற்றை மறுநாள் கரையிலேயே பெறல் கூடும். சிறுவனின் ஒரே சோடிச் செருப்பு அவ்வாறு பெட்டியுட் சென்றுவிட, அவன் விடுதிச் செருப்பை ஒத்த மெல்லிய செருப்பொன்றுடன் கரையிறங்கியதை வீட்டில் இன்றும் கூறி நகைப்பர். இறங்கும் நாளன்று நண்பகலுக்கு முன் புறப்படும் விமானத்தில் இடம் கொள்ளாதிருத்தல் நலம். இவர்கள் ஞாயிறு காலை இறங்கி, இரண்டிரவு ரோமில் தங்கி, செவ்வாயன்று மீளுமாறு வகுத்திருந்தோம்.

இங்கேதான் எம் பிழை நேர்ந்தது. ஞாயிறு பிற்பகலுக்கு வத்திக்கான் பொருட்காட்சிச்சாலையையும், திங்கட்கிழமைக்குக் கொலோசியத்தையும் பவுல் பேராலயத்தையும் குறித்தோம். கொலோசியத்திற்கு டிக்கட்டு முன்னரே வாங்கினோம். பொருட்காட்சிச்சாலைக்குப் பின்னர் வாங்கலாம் என்று விட்டோம். மாதத்தின் இறுதி ஞாயிறு ஒழிந்த ஏனைய ஞாயிறுகளில் அஃது அடைக்கப்பட்டிருக்கும் என்னும் விதியை யாம் படித்திலேம். கப்பலிலிருந்து டிக்கட்டு வாங்க முயன்றபோதே மகளார் அதனை அறிந்தார். திங்கட்கிழமைக்கு உரிய டிக்கட்டுகளோ முற்றும் விற்றுப்போயின.

ஆகவே அவர்கள் ஞாயிறன்றே பவுல் பேராலயம் சென்றனர். 1823இல் தீயாற் பெரிதும் அழிந்து, மீளக் கட்டப்பெற்று, 1854இல் அருட்பொழிவு செய்யப்பெற்ற கோயில் அது. பாட்டியார் ஒரு மணி நேரம் எழாது அமர்ந்திருந்தாராம். திங்களன்று சிறுவன் கொலோசியம் கண்டான். பெரிய தந்தையார் மட்டும் தாம் கூறிய ஓரிடத்தைக் காணாது மீண்டார். எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். அவ்விதான ஓவியம் அச்சிட்ட அட்டை ஒன்றைக் கடையில் வாங்கி வந்து எம் கையிற் கொடுத்து, “அடுத்த முறை கிழமையைப் பார்த்துக்கொள், தம்பி” என்றார். அவ்வட்டை எம் மேசைமேல் நிற்கின்றது. மருமகனார் பல்லாண்டு சேர்த்த பொருளில் நிகழ்ந்த செலவு அது. அடுத்த முறை என்று ஒன்று உண்டோ, யாம் அறியோம்.

இதனாற் பெறப்படும் முறையைத் தொகுத்துரைப்போம். முதலில் இடங்களின் தொலைவு; இரண்டாவது விசா; மூன்றாவது கப்பலுக்கு முன் ஒரு முழுநாளேனும் இடைவெளி; நான்காவது ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் ஏற்ற ஊர்தி; ஐந்தாவது ஒவ்வொருவர்க்கும் இன்றியமையாத ஓரிடம். அவ்வோரிடம் திறக்கும் கிழமையும் நேரமும் அறிந்து, அதற்கு உரிய டிக்கட்டை முதலில் வாங்கி, அதன் பின்னரே ஏனையவற்றை அதனைச் சூழ அமைத்தல் வேண்டும். யாம் எளிதில் வாங்கக்கூடியதை முதலில் வாங்கி, அரிதிற் கிடைப்பதைப் பின்னுக்கு வைத்தோம்.

நண்பர்காள்! நம்முட் பலர் கல்லூரியை விட்டுச் சென்று, பொருளீட்டி, தம் பெற்றோரை இத்தகைய செலவிற்கு அழைத்துச் செல்லும் நாள் வரும். முதியோர்க்கு அஃது ஒருமுறை வாய்ப்பது. அதனை வகுப்பார், தாம் சென்று கண்டிலராயின், சென்று மீண்டாரை வினவுக. வினவியதை விதிகளோடு ஒத்துப் பார்க்க. பண்டை ஆற்றுப்படை பாடினோர் வழி அறிந்தவன் வாயிலாகவே வழி கூறினர். அதன் காரணத்தை யாம் ஏட்டிற் கற்றதினும் அவ்வட்டையிற் கற்றது மிகுதி.