கத்திரி வெயிலில் சென்னை வருகிறீர்களா? முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு சென்னைக்குக் கிளம்பும் குடும்பங்கள் கையில் ஒரு பட்டியலோடு வருகின்றன: மெரினா, வண்டலூர், மாமல்லபுரம், எழும்பூர் அருங்காட்சியகம். பட்டியலில் குறையில்லை, எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போவது என்று யாரும் யோசிக்காததுதான் குறை. மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். இந்த நாட்களில் காலை 11.30 மணிக்குமேல் மாலை 4 மணிவரை குழந்தைகளையும் முதியவர்களையும் வெட்டவெளியில் நடக்கவிடாதீர்கள். காலை நேரம் திறந்தவெளிக்கு, நடுப்பகல் கூரைக்குக் கீழே, பொழுது சாய்ந்தபின் கடற்கரைக்கு என்று நாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையை மாற்றினால், அதே ஊர் அதே செலவில் பெரும் அலைச்சலாகிவிடும்.

இதற்குக் காரணம் கடற்காற்று. வெயில் ஏற ஏற தரை கடலைவிட வேகமாகச் சூடாகிறது. தரைமேல் உள்ள காற்று லேசாகி மேலெழும்ப, அந்த இடத்துக்குக் கடல் பக்கமிருந்து காற்று வருகிறது. பெரும்பாலான நாட்களில் நண்பகலை ஒட்டி அது கரையேறும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற கரையோரப் பகுதிகளுக்கு முதலில் கிடைக்கும். தாம்பரம், வண்டலூர் பக்கம் போய்ச் சேரத் தாமதமாகும். மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று பிற்பகல்வரை தள்ளிப்போகும். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது அப்போதுதான். 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கடற்காற்று வந்துவிட்டால் மட்டும் ஆபத்து தீர்ந்துவிடாது. காற்றில் ஈரப்பதம் கூடும்போது வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது. ஊருக்குப் புதிதாக வருபவர்களின் உடம்பு இதற்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். இரண்டு நாள் பயணத்தில் அதற்கு வழியில்லை.

ஆகவே, திறந்தவெளி இடங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மாமல்லபுரத்தின் சின்னங்களை காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். அர்ச்சுனன் தபசுச் சிற்பம் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேராக அதன்மேல் விழும். பின்கால்களில் நின்று தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் கூடியிருக்கும் எலிகளையும் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கும் வெளிச்சம் அது. நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். பஞ்ச ரதங்களைச் சுற்றி ஒதுங்க நிழல் கிடைப்பதே அரிது, பாறை தொட்டால் சுடும். திரும்பும் வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் இறங்கலாம். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். திண்ணையும் முற்றமும் ஓட்டுக்கூரையும் வெயிலை எப்படித் தணித்தன என்பதை அங்கே உட்கார்ந்தே உணரலாம். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள். சுமார் 600 ஹெக்டேர் பரப்பு அது. காலை 9 மணிக்குத் திறந்ததுமே உள்ளே போய், நடக்க முடியாதவர்களை பேட்டரி வண்டியில் ஏற்றி, 11.30 மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். வெயில் ஏறியபின் விலங்குகளும் நிழலில் சுருண்டுவிடும்; வியர்த்து நடந்ததற்குப் பலன் வெறும் கூண்டுதான். பூங்காவுக்குப் பக்கத்திலேயே வண்டலூர் ரயில் நிலையம் இருப்பதால் மின்சார ரயிலே வசதி.

நடுப்பகலுக்குச் சென்னையில் நல்ல கூரைகள் உண்டு. 1851இல் தொடங்கிய எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் அருகருகே இருக்கின்றன. நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் சிறுவர்கள் குளிர்ந்த அறையில் ஓரிரு மணி நேரம் படம் பார்த்து, புத்தகம் புரட்டி இளைப்பாறலாம்.

மாலை 5.30 மணிக்குமேல் மெரினா. இந்தக் கடற்கரையின் மணல் இவ்வளவு அகலமாக இருப்பதற்கு வடக்கே கட்டிய துறைமுகமே காரணம். கரையோரமாக நகரும் மணலை அதன் அலைத்தடுப்புச் சுவர் தடுத்து நிறுத்த, தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனது. சாலையிலிருந்து தண்ணீர்வரை நீளும் அந்த மணலில் மூன்று மணிக்குக் குழந்தையை வெறுங்காலோடு விட்டால் பாதம் பொரியும். சூரியன் மறைய மணி ஆறரை ஆகிவிடும். அதற்குச் சற்று முன் போனால் காற்று, சுண்டல், மாங்காய்க் கீற்று எல்லாமே நிம்மதியாகக் கிடைக்கும். சக்கர நாற்காலியில் வரும் முதியவர்களுக்கு விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மரப்பாதை அமைத்திருக்கிறார்கள். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். ஆழம் சட்டென்று கூடும், இழுப்பு நீரோட்டம் நீச்சல் தெரிந்தவரையும் கொண்டுபோய்விடும்.

‘விடுமுறையிலுமா பிள்ளைகளை ஐந்து மணிக்கு எழுப்புவது?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்தத் தூக்கத்தை மதியச் சாப்பாட்டுக்குப்பின் திருப்பிக் கொடுத்துவிடலாம். வெயிலில் வாடிய உடம்பை அப்படித் தேற்ற முடியாது. ‘இருப்பதே இரண்டு நாள், எல்லாவற்றையும் பார்க்க வேண்டாமா?’ என்பது அடுத்த கேள்வி. காலைக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்றால் இரண்டு நாளில் ஆறு இடம் ஆகிறது, எதுவும் குறைந்துபோகவில்லை. ‘ஏசி கார் இருக்கிறதே’ என்பார்கள். கார் வாசல்வரைதான் வரும். உள்ளே நடப்பது நீங்கள்தான். நிறுத்திய காரில் குழந்தையை ஐந்து நிமிடம்கூட விட்டுப்போகக் கூடாது. நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போனாலும் இதே கவனம் வேண்டும். தண்ணீருக்குள் நிற்பதால் வெயில் உறைக்காதே தவிர, தோல் கருகுவதும் உடம்பில் நீர் குறைவதும் நிற்பதில்லை.

கிளம்புமுன் விடுமுறை நாளைப் பாருங்கள். வழக்கமாக எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி, வண்டலூருக்கும் தட்சிணசித்ராவுக்கும் செவ்வாய் விடுமுறை. கோடையில் மாற்றம் இருக்கலாம் என்பதால் முதல்நாளே விசாரித்துவிடுங்கள். தாகம் எடுக்கக் காத்திராமல் தண்ணீர், மோர், இளநீர் கொடுங்கள். நுங்கு இப்போது தெருவெங்கும் கிடைக்கும். பிள்ளை தலைசுற்றுகிறது என்றாலோ, வாந்தி எடுத்தாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். இதற்கெல்லாம் இடமில்லாமல் செய்வதுதான் நேரம் பார்த்துக் கிளம்புவதன் பயன். இன்றிரவே பட்டியலை எடுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே மணியை எழுதிவிடுங்கள்.