ஒரு கேள்விக்கு ஒரு புத்தகம்: சிறு குழந்தைகளுக்கான அறிவுப் படநூல்களைத் தேர்ந்தெடுத்தல்

சிறு குழந்தைக்கான புத்தகத்தை வாங்குபவர் வேறு, அதைப் பார்க்கப்போகிறவர் வேறு என்பதால், அப்புத்தகம் குழந்தையின் ஆவலைவிடப் பெற்றோரின் அச்சத்திற்கே பல வேளைகளில் விடையளிக்கிறது. எறும்பின் படத்தை விட்டு நகர மறுக்கும் நான்கு வயதுக் குழந்தையைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு, அட்டையில் 'பொது அறிவு' என்று அச்சிட்ட தடித்த தொகுதியோடு திரும்பும் பெற்றோரைப் புத்தகக் கண்காட்சிகளில் எளிதாகக் காணலாம். பக்கத்து வீட்டுக் குழந்தை தலைநகரங்களின் பெயர்களை ஒப்பிக்கிறது என்பதும், பள்ளி வினாடி வினாவில் பரிசு பெற வேண்டும் என்பதும் இத்தேர்வுக்குக் காரணங்களாக அமைகின்றன. குழந்தை எதைக் கேட்டது என்பது அவற்றுள் இடம்பெறுவதில்லை.

'படநூல்' என்பது, படம் உரைக்கு அணியாக மட்டும் நில்லாமல் பொருளின் பாதியைத் தானே சொல்லும் நூல். 'அபுனைவு' என்பது கற்பனை நிகழ்வுகளை விலக்கி உண்மைச் செய்திகளைக் கொண்டு அமையும் எழுத்து. உண்மையைத் திரிக்காமல், புதிர், ஒப்புமை, ஓசை நயம், கதையோட்டம் ஆகிய இலக்கிய உத்திகளால் சொல்லும்போது அது படைப்பூக்க அபுனைவு எனப்படுகிறது. மொராவியாவில் பிறந்த கல்வியாளர் கொமேனியஸ் 1658இல் நியூரம்பெர்க் நகரில் வெளியிட்ட 'ஓர்பிஸ் பிக்டஸ்' என்ற நூலையே, இவ்விரண்டும் இணையும் அறிவுப் படநூல் மரபின் தொடக்கமாகப் பலரும் சுட்டுவர். படத்திலுள்ள பொருள்களுக்கு எண்ணிட்டு, அவ்வெண்களின் துணையால் அவற்றை லத்தீன், ஜெர்மன் ஆகிய இருமொழிச் சொற்களோடும் இணைத்துக் காட்டிய நூல் அது.

அறிவுப் படநூல் வகைகளுள், எழுத்தும் எண்ணும் நிறமும் கற்பிக்கும் முதற்புத்தகங்களிலும், ஒட்டியும் வரைந்தும் பழகும் செயல் புத்தகங்களிலும் பெரும்பிழை நேர்வதற்கு இடமில்லை. எஞ்சுபவை மூன்று: பல பொருள்களை ஒருங்கே திரட்டும் கலைக்களஞ்சிய வகைத் தொகுப்பு, ஒன்றை மட்டும் எடுத்து விளக்கும் ஒருபொருள் நூல், ஒரு மனிதரின் அல்லது உயிரினத்தின் வாழ்வையோ ஒரு பயணத்தையோ தொடர்ச்சியாகச் சொல்லும் கதைவழி நூல். இவற்றுள் முதல் வகை தகுதிக்கு மிஞ்சிய மதிப்பைப் பெற்றிருப்பதால், அதன் குறைகளை விரித்துரைப்பது தேவையாகிறது.

கேள்வி பிறக்கும் முன்பே விடையை வைத்துவிடுவது தொகுப்பு நூலின் அடிப்படைக் குறை. திமிங்கலம் மூச்சுவிட ஏன் மேலே வருகிறது என்று குழந்தை எண்ணத் தொடங்குவதற்குள், அதே பக்கத்தில் நெருக்கி அடுக்கிய சுறாவும் நண்டும் நட்சத்திர மீனும் அதன் கண்ணை இழுத்துக்கொள்கின்றன. ஒன்று மற்றொன்றோடு தொடர்புறாத நிலையில் மனத்தில் தங்குபவை பெயர்களும் எண்களுமே ஆதலால், அவை விருந்தினர் முன் ஒப்பிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவுவதில்லை. அயல்நாட்டுத் தொகுப்பை அப்படியே தமிழாக்கிய நூலில் பனிக்கரடி பக்கத்தை நிறைத்திருக்க, வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு ஒரு வரியும் இல்லாமற்போகலாம். தொகுப்பு எவ்வளவு பெரிதோ, அதைத் திருத்துவதும் அவ்வளவு கடினம். 2006இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என வகைப்படுத்திய பின்னரும், திருத்தாமல் மறுஅச்சிட்ட தொகுப்பில் கோள்கள் ஒன்பதாகவே நிற்கும். மடியில் வைத்துப் புரட்ட இயலாத எடையுள்ள புத்தகம், விலை உயர்ந்தது என்பதாலேயே குழந்தைக்கு எட்டாத மேல்தட்டில் பத்திரமாக வைக்கப்படுவதும் உண்டு.

தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் சார்பில் பெ. தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய 10 தொகுதிகள் கொண்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது, தானே படிக்கத் தெரிந்த பிள்ளை தன் ஐயத்தோடு சென்று தேடுவதற்குரிய நூலேயன்றி, படிக்கத் தெரியாத குழந்தைக்குப் பக்கம் பக்கமாகப் படித்துக்காட்டுவதற்குரியதன்று.

ஒருபொருள் நூலோ குழந்தையை நிறுத்திப் பார்க்கவைக்கிறது. ஸ்டீவ் ஜென்கின்ஸ், ராபின் பேஜ் இருவரும் 2003இல் வெளியிட்ட, 'இப்படியொரு வால் இருந்தால் என்ன செய்வாய்?' எனப் பொருள்படும் தலைப்புடைய நூல், ஒரு பக்கத்தில் வெவ்வேறு விலங்குகளின் வால்களை மட்டும் காட்டிக் கேள்வி கேட்டு, அடுத்த பக்கத்தில் முழு விலங்கையும் வாலின் பயனையும் காட்டுகிறது; பக்கத்தைத் திருப்பும் முன் ஊகிப்பதற்குக் கிடைக்கும் அந்த ஒரு நொடியே கல்வி. காகிதங்களை வெட்டி ஒட்டி ஆக்கிய அதன் படங்கள், கைவினைப் படத்தின் வலிமைக்கும் சான்றாகின்றன. ஒளிப்படம் எதிரிலுள்ள அனைத்தையும் பதிவு செய்ய, ஓவியம் பார்க்க வேண்டியதை மட்டும் பிரித்துக் காட்டுகிறது. குழந்தைகளோடு நெடுங்காலம் அமர்ந்து படித்தவர்கள், ஒருசார்பு எனப் பிறர் குறைகூறினும், ஓவியத்தையே தேர்வர்.

கதைவழி நூலைத் தேர்வதற்கு ஒரு சோதனை உண்டு: கற்பனை எது, உண்மை எது என நூலே பிரித்துச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜோனா கோல் எழுத, புரூஸ் டேகன் வரைய, 1986இல் தொடங்கிய 'மாயப் பள்ளிப் பேருந்து' வரிசை மாணவரை உடலுக்குள்ளும் பூமிக்குள்ளும் அழைத்துச் சென்றாலும், நடக்க இயலாதவை எவை என்பதை நூலின் இறுதியில் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. இத்தகைய பின்பக்கக் குறிப்பு உள்ளதா என்பதைக் கடையிலேயே புரட்டிப் பார்க்கலாம். உரையை இரண்டு பக்கம் வாய்விட்டுப் படித்து, நாக்கு இடறுகிறதா என்றும் அறியலாம். 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகத்தின் தமிழ்–ஆங்கில இருமொழிப் படநூல்களும், பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் வாசிப்பு நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கும் தமிழ் நூல்களும் இத்தேடலுக்கு உதவும்.

எந்த நூலாயினும், குழந்தையின் நாட்டம் எத்திசையில் செல்கிறது எனக் காத்திருந்து அறிபவரே சரியாகத் தேர்வர். ஒரே மண்புழுப் புத்தகத்தை நாற்பதாம் முறை கேட்கும் குழந்தை பின்தங்கவில்லை; முதல் முறை காணாததைக் கண்டுகொண்டிருக்கிறது. இத்தகைய நாட்டத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பண்ணையொன்றில் வளர்ந்த வில்சன் பென்ட்லிக்குப் பனித்துகளின் மீது தீராத ஆவல் இருந்தது. அவரது வாழ்வைச் சொல்லி 1999இல் படநூல்களுக்கான கால்டிகாட் பதக்கம் பெற்ற 'ஸ்னோஃப்ளேக் பென்ட்லி' என்ற படநூல், அந்த ஆவலுக்காகப் பெற்றோர் தம் சேமிப்பைக் கொண்டு நுண்ணோக்கி பொருந்திய கேமராவை வாங்கித் தந்ததையும் கூறுகிறது. தோல்விகளுக்குப் பின் 1885இல் தம் முதற்படத்தை எடுத்த அவர், வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட பனித்துகள்களைப் படமெடுத்தார். அப்பெற்றோர் மகனுக்காகத் தாமாக ஒரு துறையைத் தேர்ந்தெடுக்கவில்லை. மகன் ஏற்கெனவே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததை இன்னும் நன்றாகப் பார்க்கக் கருவி ஒன்றைத் தந்தனர். பெற்றோர் வாங்கித்தரும் புத்தகமும் அத்தகைய கருவியாக இருத்தல் வேண்டும்.