சாவியை எடுத்தாலும் கரண்ட் இருக்கும்

முகையூர், கண்டாச்சிபுரம், அரகண்டநல்லூர் பக்கம் டூ-வீலர் பட்டறைகளில் கை பழகிய பையன்கள் மின்சார வண்டிப் பக்கம் திரும்ப வேண்டிய நேரம் இது. டிவிஎஸ், ஏதர் ஸ்கூட்டர்கள் ஓசூரிலும், ஓலா போச்சம்பள்ளியிலும், ஆம்பியர் ராணிப்பேட்டையிலும் தயாராகின்றன. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஐ.டி.ஐ.களில் மின்சார வாகன மெக்கானிக் என்று தனிப் பிரிவே வந்துவிட்டது. இந்த வேலைக்கு எதிர்காலம் உண்டு, தயங்காமல் இறங்கலாம். ஆனால் பெட்ரோல் வண்டியில் பழகிய ஒரு நினைப்பை மட்டும் பட்டறை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சாவியை எடுத்ததும் வண்டி அடங்கிவிட்டது என்ற நினைப்புதான் அது.

சாவியை எடுத்தால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் பாதை துண்டிக்கப்படும், அவ்வளவுதான். பேட்டரிப் பெட்டிக்குள் மின்னழுத்தம் அப்படியே நிற்கும். பெட்டிக்கு வெளியே இன்வெர்ட்டரில் இருக்கும் கெப்பாசிட்டரிலும் சில நிமிடங்கள் வரை மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் 48 முதல் 72 வோல்ட் வரைதான் இருக்கும். கார்களில் 300, 400 வோல்ட் சாதாரணம். சில கார்கள் 700-ஐயும் தாண்டும். நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்தான அழுத்தம் என்பது உலக அளவில் வாகன விதிகள் வைத்திருக்கும் கோடு. அப்படியானால் 48 வோல்ட் ஸ்கூட்டரில் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஷாக் பலமாக அடிக்காமல் போகலாம்; ஆனால் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். இரும்பு பழுக்கும், உலோகம் உருகித் தெறிக்கும், கண் போய்விடும். சார்ஜர் பக்கமோ நம் வீட்டு 230 வோல்ட்டேதான். அதனால் வேலைக்கு முன் மோதிரம், காப்பு, கழுத்துச் செயின், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். சட்டைப் பையில் செல்போனும் வேண்டாம்; குனியும்போது அது பேட்டரி மேலேயே விழும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லோர் பையிலும் இருக்கும் டெஸ்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முனையில் வைத்தால் குட்டி பல்பு எரியுமே, அந்த டெஸ்டர்தான். ஈ.பி. லைனுக்கு அது உதவும். கார் பேட்டரிக்கு உதவாது. அந்த பேட்டரியின் இரண்டு முனைகளும் வண்டியின் பாடியோடும் பூமியோடும் சேராமல் தனியாக நிற்பவை. ஆகவே ஒரு முனையில் டெஸ்டரை வைத்தால் பல்பு எரியாது. எரியவில்லை என்று நம்பி இரண்டு கையாலும் தொட்டவருக்கு 350 வோல்ட் நெஞ்சு வழியாகப் பாயும்.

எனவே அளவு பார்க்க 1000 வோல்ட் வரை தாங்கும் நல்ல மல்டிமீட்டர் வேண்டும். முதலில் சாவியை எடுத்து, மற்றவர் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்து, வண்டி மேல் 'வேலை நடக்கிறது, தொடாதே' என்று எழுதித் தொங்கவிடுங்கள். வண்டியில் தனியாக இருக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவுங்கள். அந்த வண்டியின் கையேடு சொல்லும் நேரம், பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், காத்திருங்கள். அதன் பின் அளந்து பாருங்கள். அளப்பதற்கு முன்னும் பின்னும், மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த வேறொரு இடத்தில் மீட்டர் ஒழுங்காகக் காட்டுகிறதா என்று சோதிக்க வேண்டும். பழுதான மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும். உயர் அழுத்த மின்சாரம் போகும் ஆரஞ்சு நிற வயர் எங்கே தெரிந்தாலும் இந்த வேலையெல்லாம் முடியும்வரை கை வைக்கக் கூடாது.

கையுறை என்றால் தோட்ட வேலைக்கு விற்கும் ரப்பர் உறை இல்லை. 'கிளாஸ் 0' என்று அச்சிட்ட, 1000 வோல்ட் மாற்றுமின்சாரத்தைத் தாங்கும் ரப்பர் கையுறை. அது கிழியாமல் இருக்க மேலே ஒரு தோல் உறை. தினமும் போடுவதற்கு முன் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, விரல்கள் உப்பியதும் கன்னத்தருகே வைத்துப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் காற்று சில்லென்று முகத்தில் படும். பட்டால் அந்தக் கையுறை குப்பைக்கு.

நம் விழுப்புரம் மாவட்டத்துக்கென்றே ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை பெருகி அரசூரில் தேசிய நெடுஞ்சாலையே மூழ்கியது. அப்படித் தண்ணீரில் நின்ற மின்சார வண்டி பட்டறைக்கு வந்தால், காய வைத்து சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். உள்ளே புகுந்த சேற்றுத் தண்ணீர் பல நாள் கழித்தும் தீயை மூட்டும். வண்டியைக் கட்டடத்தை விட்டுத் தள்ளி, திறந்தவெளியில் நிறுத்திவிட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். பேட்டரிப் புகையும் லேசானது இல்லை. 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் பற்றிய தீயின் புகை மேலே இருந்த விடுதிக்குள் ஏறி 8 பேர் இறந்தார்கள். புகை கிளம்பினால் வெளியே ஓடுங்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

கூட வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடித்தால் வெறுங்கையால் இழுக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்துங்கள், முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள். மூச்சுப் பேச்சு இல்லையென்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து 'ஒண்ணுமில்லண்ணே' என்றாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் இ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும். உயர் அழுத்த வேலையைத் தனியாள் செய்யக் கூடாது என்பது இதற்காகத்தான்.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ வேலை கேட்டுப் போகும்போது சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: கையுறை யார் வாங்கித் தருவார், கடைசியாக எப்போது சோதித்தார்கள், பயிற்சி எத்தனை நாள்? கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். பதில் சொல்லத் தெரியாத ஓனரிடம் பெட்ரோல் வண்டி வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.